பதினோரு நாள் பச்சை

என் நாத்தனாரும் நானும் ஒரே மருத்துவமனையில் வேலை பார்ப்பது அங்கே பலருக்குத் தெரியாது. தெரியவேண்டாம் என்று இரண்டு பேருமே நினைத்தோம். நாங்கள் ஒத்துப்போன விஷயங்கள் மொத்தமே இரண்டோ மூன்றோ, அதில் இது ஒன்று. அவள் தரைத்தளத்தில், பரிசோதனைக் கூடத்தின் கவுன்டரில். நான் மூன்றாவது மாடியில், கணினிப் பிரிவில். ஒரே வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் வந்து, வாசலில் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்வோம்.

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் பண்ணின கேவலம் புரியாது. மருத்துவமனையில் அறுபது சர்வர்கள் இருக்கின்றன. அவை ஒழுங்காக ஓடுகின்றனவா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஒவ்வொன்றின் கதவையும் தட்டிப் பார்க்க ஒரு கண்காணிப்பு மென்பொருள் உண்டு. அது கண்டுபிடித்ததை என் எதிர்ச் சுவரில் இருக்கும் பெரிய திரையில் கட்டம் கட்டமாகக் காட்டும். நன்றாக இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. சிவப்பானால் என் போன் அலறும். வெப் பக்கங்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு சோதனை வைப்போம். கதவு திறந்தால் மட்டும் போதாது, உள்ளே இருப்பது சரியான பக்கம்தானா என்று பார்க்கவேண்டும். அதற்காக வந்த பக்கத்தில் ஒரு குறிப்பிட்ட சொல்லைத் தேடச் சொல்லுவோம். சொல் இருந்தால் பச்சை.

நோயாளிகள் வீட்டிலிருந்தே பரிசோதனை முடிவைப் பார்க்க எங்களிடம் ஒரு பக்கம் இருக்கிறது. எண்ணைப் போட்டால் முடிவு வரும். அதில் 'பதிவு எண்' என்ற சொல்லைத் தேடும்படி நான்தான் வைத்திருந்தேன். ஒரு திங்கட்கிழமை, பக்கத்தை வடிவமைப்பவர்கள் யாரிடமும் சொல்லாமல் அதை 'நோயாளி எண்' என்று மாற்றிவிட்டார்கள். பக்கம் நன்றாகத்தான் இருந்தது. சொல்தான் இல்லை. காலை ஆறு மணியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை என் போன் கத்தியது. குளிக்கப் போனால் கத்துகிறது, தலை வாரினால் கத்துகிறது. "யாரும்மா இப்படி விடாம கூப்பிடறது, கடன்காரன் மாதிரி?" என்றார் என் மாமியார்.

அலுவலகத்துக்கு வந்தபோது நான் கடுகாகப் பொரிந்துகொண்டிருந்தேன். புதுச் சொல்லைப் போட்டிருந்தால் இரண்டு நிமிட வேலை. ஆனால் இவர்கள் நாளைக்கு அதையும் மாற்றுவார்கள், மறுபடியும் என் தூக்கம் போகும். அந்தப் பக்கத்தில் எது மாறவே மாறாது என்று யோசித்தேன். மருத்துவமனையின் பெயர். மேலே பட்டையாக, பெரிய எழுத்தில், எல்லாப் பக்கத்திலும் இருக்கும். அந்தப் பெயரைத் தேடும்படி மாற்றினேன். கட்டம் உடனே பச்சையாகிவிட்டது. மாற்றத்துக்கான குறிப்பில் 'தற்காலிகம்' என்று எழுதிவைத்தேன். எதையும் நாளைக்குத் தள்ளிப்போடுகிறவர் என்று பக்கத்து மேசைக்காரருக்கு 'வாய்தா' என்று பட்டப்பெயர் வைத்தவளும் நான்தான். இதையும் சொல்லிவிடுகிறேன், கணக்கில் சேரட்டும்.

அடுத்த வாரம் நாத்தனார் போன் பண்ணினாள். அலுவலகத்தில் அவள் என்னைக் கூப்பிடுவதே அபூர்வம்.

"அண்ணி, ரிசல்ட் பக்கம் திறக்க மாட்டேங்குதாம். ஒரு மணி நேரமா நாலு பேர் சொல்லிட்டாங்க."

நான் நிமிர்ந்து திரையைப் பார்த்தேன். "இங்க பச்சையாத்தான் இருக்கு. அவங்க வீட்டு இன்டர்நெட் சரியில்லாம இருக்கும்."

"நாலு பேர் வீட்லயுமா?"

"நாலு பேரும் ஒரே கம்பெனி கனெக்‌ஷன் வெச்சிருப்பாங்க."

யோசித்துப் பாருங்கள், என்ன ஒரு பதில். அவள் முறைப்படி ஒரு புகாரைக் கணினியில் பதிந்தாள். நான் அதைத் திறந்து, 'பக்கம் இயங்குகிறது, புகார் மூடப்பட்டது' என்று எழுதி மூடினேன். மறுநாள் இன்னொன்று. அதையும் மூடினேன். பதினோரு நாளில் அவள் பதிந்தவை ஏழு. ஏழையும் நான் மூடினேன், ஒரே வரியை நகலெடுத்து ஒட்டி. ஒரு தடவைகூட அந்தப் பக்கத்தை என் கணினியில் திறந்து பார்க்கவில்லை.

ஏன் பார்க்கவில்லை என்று இப்போது என்னையே கேட்டுக்கொள்கிறேன். வேலை அதிகம் என்று சொல்லலாம், பொய். சொன்னது அவள், அதுதான் காரணம். நான் கல்யாணமாகி வந்த புதிதில், சொந்தக்காரர்கள் நிறைந்த கூடத்தில், "அண்ணிக்கு மெஷின்கிட்ட பேசத்தான் தெரியும், மனுஷங்ககிட்ட பேச வராது" என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒன்பது வருடமாக அதை மடித்து உள்ளே வைத்திருக்கிறேன். பிறகு அவள் கணவனைப் பிரிந்து, பெண் குழந்தையோடு அம்மா வீட்டுக்கே திரும்பி வந்தாள். வாசலில் பெட்டியோடு நின்றபோது எனக்கு மனம் இளகத்தான் செய்தது. அந்த வாக்கியம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

கவுன்டர் வேலை கிடைத்த பிறகுதான் அவள் மறுபடியும் சத்தமாகச் சிரிக்க ஆரம்பித்தாள். ஒப்பந்த வேலை. இந்த வருடக் கடைசியில் நிரந்தரம் ஆக்குவார்கள் என்று பேச்சு. அந்த வேலை போனால் அவள் இந்த வீட்டில் யாருடைய தயவிலோ இருக்கவேண்டும், குறிப்பாக என் தயவில். இது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் அந்த வாரம் சாப்பிடும்போது சொன்னேன்: "கவுன்டர்ல கூட்டம் சேர்ந்தா சில பேர் கம்ப்யூட்டர் மேல பழியைப் போட்டுடறாங்க, அத்தை. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்." என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். அவள் குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். கை ஒரு கணம் நின்றது, பிறகு ஊட்டினாள்.

பதினோராம் நாள் ஒரு பெரியவரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர். இரத்தத்தில் உப்பு அபாய அளவில் இருப்பதாக இரண்டு நாள் முன்பே முடிவு வந்துவிட்டது. அவருடைய மகள் முடிவு வந்த அன்று மதியம் பக்கத்தைத் திறந்திருக்கிறாள், வரவில்லை. மறுநாள் மதியமும் வரவில்லை. மூன்றாம் நாள் அப்பா குளியலறையில் விழுந்துவிட்டார். தீவிர சிகிச்சையில் வைத்துக் காப்பாற்றிவிட்டார்கள். மகள் புகார் எழுதிக் கொடுத்தாள்.

நாத்தனார் முடிவு வந்த அன்றே பதினொன்று நாற்பதுக்கு அந்த முடிவைக் கணினியில் ஏற்றிவிட்டதாகச் சொன்னாள். ஆனால் ஏற்றிய நேரம் கணினியில் பதிவாகாது, அவளே நோட்டில் எழுதிவைப்பது. அவள் தாமதமாக ஏற்றிவிட்டு நேரத்தை மாற்றி எழுதியிருக்கலாம் என்பது நிர்வாக அதிகாரியின் சந்தேகம். பக்கமே திறக்கவில்லை என்கிறாளே, அது உண்மையா என்று அவர் எங்கள் பிரிவைக் கேட்டார். பதினோரு நாளுக்கான கண்காணிப்பு அறிக்கை வேண்டும்.

நான் எடுத்துக் கொடுத்தேன். நூறு சதவீதம். எல்லாக் கட்டமும் பச்சை. அதோடு விட்டிருக்கலாம். யாரும் கேட்காமலே கீழே பேனாவால் ஒரு வரி எழுதினேன்: 'இக்காலத்தில் பக்கம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.' எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் குற்றம் சாட்டப்பட்டவள் என் வீட்டில் இருப்பவள் என்று நான் சொல்லவில்லை. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கையால் கெட்டேன்.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. வியாழன் காலை பத்து மணிக்கு விசாரணை. திருப்தி இல்லையென்றால் ஒப்பந்தம் ரத்து. வீட்டில் அதைப் படித்துக் காட்டினாள்.

"கூடவே ஏதோ ரிப்போர்ட் இணைச்சிருக்கறதா போட்டிருக்கே, அது எங்க?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"ஆபீஸ்லயே வெச்சிட்டு வந்துட்டேன் அண்ணா. கம்ப்யூட்டர் ஆளுங்க யாரோ குடுத்தது."

"எந்தப் படுபாவி அப்படி எழுதிக் குடுத்தான்? அவன் கை விளங்குமா?" என்றார் அத்தை.

நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன். அவளுக்குத் தெரியவில்லை என்று நிம்மதியாகக்கூட இருந்தது.

புதன்கிழமை மதியம் அதிகாரியின் உதவியாளர், அறிக்கையில் இன்னும் கொஞ்சம் விவரம் வேண்டும் என்றார். கேட்டால் கொடுக்கலாமே என்று எல்லாப் பத்திகளையும் சேர்த்தேன்: பதில் வந்த நேரம், வந்த பக்கத்தின் அளவு. அளவைக் கண்ணால் மேலிருந்து கீழே ஓட்டினேன். நாற்பத்தாறு கிலோபைட், நாற்பத்தாறு, நாற்பத்தாறு. பதினொரு மணியை ஒட்டி மூன்று. பிறகு மூன்று, மூன்று, மூன்று. இரண்டரை மணிக்கு மறுபடியும் நாற்பத்தாறு. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். தினமும் மதியத்தில் பக்கம் இளைத்துப்போயிருந்தது.

மணி பன்னிரண்டு பத்து. இத்தனை நாளில் முதல் தடவையாக அந்த முகவரியை நானே அடித்தேன். வெள்ளைப் பக்கம். நடுவில் ஒரு வரி: 'மன்னிக்கவும், சேவை தற்போது இல்லை. பிறகு முயலவும்.' அதற்கு மேலே பட்டையாக, பெரிய எழுத்தில், மருத்துவமனையின் பெயர்.

என் சோதனை தேடிய சொல் அங்கே அழகாக இருந்தது. கூட்ட நேரத்தில், முடிவுகள் இருக்கும் தரவுத்தளத்துக்கு ஒரே சமயத்தில் கொடுக்கக்கூடிய இணைப்புகள் தீர்ந்துபோய் தினமும் மூன்றரை மணி நேரம் பக்கம் படுத்திருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை என் மென்பொருள் போய்க் கதவைத் தட்டியிருக்கிறது, 'மன்னிக்கவும்' என்று வந்த பதிலில் பெயரைப் பார்த்து, சரி என்று திரும்பி வந்திருக்கிறது. திரும்பி வந்து எனக்குப் பச்சை காட்டியிருக்கிறது.

காது சூடாகிவிட்டது. யாரும் பார்க்கவில்லையே என்று முதலில் பக்கத்து மேசையைத்தான் பார்த்தேன். பெரியவரும் நாத்தனாரும் அதற்குப் பிறகுதான் ஞாபகத்துக்கு வந்தார்கள். இந்த வரிசையைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

தேடும் சொல்லை 'நோயாளி எண்' என்று மாற்றினேன். கட்டம் சிவந்தது. வாய்தா நிமிர்ந்து, "என்னங்க, திடீர்னு?" என்றார். "பார்த்துட்டிருக்கேன்" என்றேன். அந்த வெப் பக்கத்தைப் பார்த்துக்கொள்பவர்களைக் கூப்பிட்டேன், இணைப்புகளின் எண்ணிக்கையை உயர்த்தினார்கள், அரை மணி நேரத்தில் பக்கம் எழுந்துவிட்டது. மறுபடியும் பச்சை, இந்தத் தடவை நிஜமான பச்சை. இத்தனை நாள் இழுத்த விஷயத்துக்கு அரை மணி நேரம்.

பிறகு நிர்வாக அதிகாரிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். அதை எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று. 'வெப் சேவை சரிபார்ப்பின் உள்ளடக்கப் பொருத்த விதி மறுபரிசீலனை செய்யப்பட்டு மேம்படுத்தப்பட்டுள்ளது. முந்தைய அளவீடுகளில் சில வரம்புகள் இருந்திருக்க வாய்ப்புண்டு.' படித்துப் பார்த்தேன். அதில் பொய் எதுவும் இல்லை. நானும் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் இதுதான். அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் பஸ்ஸில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மடியில் கைப்பை. அதன் வாரை முறுக்கிக்கொண்டே வந்தாள்.

"நாளைக்கு என்ன கேப்பாங்க அண்ணி?"

"தெரியலயே."

"இன்னிக்கு ஒரு மணிக்கு மேல ஒரு போன்கூட வரல. பக்கம் நல்லா திறக்குதாம். நேரம் பாருங்க, இப்ப போய் சரியாகுது. இனி நான் சொன்னா யார் நம்புவாங்க?"

அப்போது சொல்லியிருக்கலாம். ஏழு நிறுத்தம் இருந்தது. எட்டாவது நிறுத்தத்தில் இறங்கினோம். குழந்தை வாசலில் நின்று, "அம்மா" என்று ஓடி வந்தது.

வியாழன் காலை பத்து மணிக்கு நான்காம் மாடியில் அந்த அறை. நீள மேசை, ஒரு பக்கம் நிர்வாக அதிகாரி, பரிசோதனைக் கூடத்தின் தலைமை மருத்துவர். எதிரே நாத்தனார், தனியாக. என்னை அறிக்கைக்குச் சாட்சியாகக் கூப்பிட்டிருந்தார்கள். அவள் என்னைப் பார்த்து வியப்படையவே இல்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க மெயில் பார்த்தேன்மா. படிச்சேன், ஒண்ணும் புரியல. எனக்கு ஒரே கேள்விதான். நீங்க குடுத்த ரிப்போர்ட் அப்படியே நிக்குதா?"

ஆமாம் என்று சொல்ல முடியாது. 'சில வரம்புகள்' என்று மறுபடியும் ஆரம்பிக்கலாம், அவரும் தலையாட்டுவார், அவளை வேலையை விட்டே அனுப்பிவிடுவார்கள். வாய்வரை வந்தது. எதிரே அவள் தன் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டிருந்தாள். அது என் அறிக்கை. அவளுக்கு அனுப்பிய நகல். அலுவலகத்தில் வைத்துவிட்டு வந்ததாகச் சொன்னாளே, அது.

தாளின் அடிப்பாகத்தில் இரண்டு விரற்கடை அளவு பின்பக்கமாக மடிந்திருந்தது. நன்றாக நகத்தால் நீவிய மடிப்பு. என் கையால் எழுதிய வரியும், கையெழுத்தும், பெயரும் அந்த மடிப்புக்குப் பின்னால் இருந்தன. வீட்டில் யாராவது பையைத் துழாவினாலும் எண்களும் பச்சைக் கட்டங்களும்தான் தெரியும். அவள் குழந்தையின் நோட்டுப் புத்தகங்களுக்கெல்லாம் பெயர் எழுதிக் கொடுப்பது நான். என் எழுத்து அவளுக்குத் தெரியாதா?

என் முகத்தில் ஈயாடியிருக்காது. "நிக்காது சார்" என்றேன். "ரிப்போர்ட் தப்பு. மெஷின் மேல தப்பில்ல, நான்தான் தப்பா வெச்சேன். அந்தப் பக்கம் தினமும் மத்தியானம் மூணரை மணி நேரம் திறக்கல. இவங்க ஏழு தடவை புகார் பண்ணாங்க. நான் ஒரு தடவைகூட திறந்து பார்க்காம மூடிட்டேன். அந்தக் கடைசி வரி யாரும் கேக்காம நானா எழுதினது."

"ஏன் எழுதினீங்க?" என்று தலைமை மருத்துவர் கேட்டார். நியாயமான கேள்வி.

"இவங்க என் நாத்தனார்" என்றேன்.

 அவர்கள் என்ன புரிந்துகொண்டார்களோ, மேலே கேட்கவில்லை. அவளைப் போகச் சொல்லிவிட்டார்கள், கடிதத்தைத் திரும்பப் பெறுவதாகச் சொல்லி. என்னை உட்காரச் சொன்னார்கள். எனக்கு இப்போது ஒரு கடிதம் வந்திருக்கிறது, அது நியாயம்தான். பெரியவரின் மகளுக்கு உண்மையைச் சொல்லவேண்டும் என்று நானே கேட்டேன். நிர்வாகம் சொல்லிக்கொள்ளும் என்றார்கள். அவர்கள் என் மின்னஞ்சல் மாதிரி எழுதாமல் இருக்கவேண்டும்.

இரவுச் சாப்பாட்டின்போது வீட்டில் நல்ல கலகலப்பு. வேலை தப்பிய சந்தோஷத்தில் அத்தை அவள் தட்டில் மறுபடி மறுபடி போட்டுக்கொண்டிருந்தார்.

"தப்பா எழுதிக் குடுத்தானே, அந்தப் படுபாவி யாருன்னு தெரிஞ்சுதா?"

"யாரோ ஒரு ஆள் அம்மா. விடுங்க" என்றாள் அவள், நிமிராமல்.

"நான்தான் அத்தை" என்றேன்.

அத்தை கையில் கரண்டி அப்படியே நின்றது. என் வீட்டுக்காரர் என்னையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தார். கை விளங்குமா என்று கேட்டது எல்லோருக்கும் ஞாபகம் வந்திருக்கவேண்டும். நான் அந்தக் கையைத் தட்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"எல்லாருக்கும் தெரியணும்னு சொல்றேன். ஏழு தடவை சொன்னா. நான் கேக்கல. இங்க உக்காந்து அவளைக் கேலி வேற பண்ணேன்."

 குழந்தை தண்ணீர் கேட்டது. நாத்தனார் எழுந்து ஊற்றிக் கொடுத்துவிட்டு, என் டம்ளரும் காலியாக இருப்பதைப் பார்த்து அதிலும் ஊற்றினாள்.

"மெஷினை நம்பினது தப்புன்னு சொல்லல அண்ணி. உங்க வேலை அது" என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "ஒரு தடவை கீழே இறங்கி வந்து என் ஸ்கிரீனைப் பார்த்திருக்கலாம். மூணு மாடிதான். லிஃப்ட்கூட இருக்கு."